ஓட்டையைத் தேடப் பணம் இருந்தது, அடைக்க இல்லை: ஈயூ-ஃபோசா திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2020 வரை, தன் அலுவலகங்கள் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருட்களின், அதாவது நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய மென்பொருட்களின், பாதுகாப்பைச் சோதிக்கப் பொதுப்பணம் செலவிட்டது. ஈயூ-ஃபோசா என்று பெயர். தொகை சிறியது, விளைவு கணிசமானது. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், பணம் சென்ற இடமும் வேலை நடந்த இடமும் வேறு வேறாக இருந்தது தெரிகிறது. அரசோ பெரிய நிறுவனமோ இதே வகைத் திட்டத்தை நடத்த நினைத்தால், எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுக்கப்பட்டது, ஏன், அதனால் என்ன ஆனது என்று தெரிந்திருப்பது நல்லது. சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பின்னணி: 2014 ஏப்ரல்

2014 ஏப்ரல் 7 அன்று, இணையப் பரிமாற்றத்தைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் (லைப்ரரி என்பது பல மென்பொருட்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல்) இருந்த ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் பதிவெண் சிவிஇ-2014-0160. டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறு செய்தி அனுப்பும், மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்பும். அனுப்புகிறவர் தன் செய்தி இத்தனை பைட் என்று சொல்லும் எண்ணை ஓபன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் நம்பிவிட்டது. ஒரு பைட் அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து சர்வர் திருப்பிக் கொடுத்தது. அதில் பயனரின் கடவுச்சொல்லும் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியும் இருக்கலாம். 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில் நுழைந்த இந்தப் பிழை, இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அன்று நம்பத்தக்க சான்றிதழ் வைத்திருந்த இணையதளங்களில் ஆறில் ஒன்று பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தது.

பிழையைவிடப் பலரை உலுக்கியது அதன் பின்னணி. உலகத்தின் வங்கிப் பரிமாற்றமும் அரசு இணையதளங்களும் சார்ந்திருந்த அந்த லைப்ரரியில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். பயன்படுத்தியவர்கள் எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் தொழில்துறை உடனே நகர்ந்தது. அதே மாதத்திலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டி ஒரு நிதியைத் தொடங்கி, ஓபன்எஸ்எஸ்எல் குழுவுக்கே நேரடியாகக் கொடுத்தது. ஐரோப்பாவில் கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தது. நம் அலுவலகங்களில் ஓடும் திறந்த மூல மென்பொருள் எது என்றாவது நமக்குத் தெரியுமா?

பட்ஜெட்டில் கிடைத்த வழி: 2014 டிசம்பர்

ஜெர்மனியையும் ஸ்வீடனையும் சேர்ந்த உறுப்பினர்கள் இருவர் முன்வைத்த யோசனையை ஏற்று, 2015 பட்ஜெட்டில் 10 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. ஒன்றியத்தின் அந்த ஆண்டு பட்ஜெட் 14,000 கோடி யூரோவைத் தாண்டும். இது அதில் கண்ணுக்கே தெரியாத ஒதுக்கீடு.

அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இங்கே தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட அடிப்படை இல்லாத புது வேலைக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்க இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று முன்னோடித் திட்டம், அதிகபட்சம் இரண்டு பட்ஜெட் ஆண்டுகள். மற்றொன்று ஆயத்த நடவடிக்கை, அதிகபட்சம் மூன்று பட்ஜெட் ஆண்டுகள். அதற்குப் பிறகும் தொடர வேண்டுமானால் தனிச் சட்டமோ நிரந்தர நிதித் திட்டமோ வேண்டும். அதாவது ஈயூ-ஃபோசா பிறந்த நாளிலேயே அதன் ஆயுள் ஐந்து ஆண்டு என்று எழுதப்பட்டுவிட்டது. மென்பொருள் பராமரிப்புக்கு முடிவுத் தேதி கிடையாது. பணத்துக்கு இருந்தது.

நடத்தும் பொறுப்பு ஐரோப்பிய ஆணையத்தின் தகவலியல் தலைமை இயக்குநரகத்துக்குப் போனது. அது ஆணையத்தின் உள் ஐ.டி. துறை. ஆராய்ச்சி மானியம் வழங்கி, கண்காணித்து, கணக்கு முடிக்கும் அமைப்பு அதற்குள் இல்லை. அதற்குப் பழக்கமான வழி டெண்டர் விட்டு ஆலோசனை நிறுவனத்திடம் சேவை வாங்குவது. ஆகவே வேலை ஒப்பந்ததாரர்களிடம் போனது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தன்னார்வக் குழு ஒன்று ஆணையத்தின் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. பதிவு செய்யப்பட்ட நிறுவனம், வருமானக் கணக்கு, முந்தைய ஒப்பந்தச் சான்று எதுவும் அதனிடம் இராது. யாரும் வேண்டுமென்றே தன்னார்வலர்களை ஒதுக்கவில்லை. வாங்கும் முறையே அவர்களை வெளியே நிறுத்தியது.

முதல் கட்டம்: கணக்கெடுப்பும் வாக்கெடுப்பும், 2015–16

முதல் கட்டத்தில் மூன்று வேலைகள். திறந்த மூலக் குழுக்கள் பாதுகாப்பை எப்படிக் கையாளுகின்றன, ஆணையத்தின் உள் திட்டங்கள் எப்படிக் கையாளுகின்றன என்ற ஒப்பீடு. ஆணையமும் நாடாளுமன்றமும் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருட்களின் பட்டியல். பிறகு மாதிரியாகச் சில மென்பொருட்களின் நிரல் தணிக்கை.

மூன்றிலும் நீடித்த பயன் தந்தது பட்டியல்தான். எது எங்கே ஓடுகிறது என்று தெரியாத நிறுவனம், ஓட்டை வெளியான நாளில் முதல் இரண்டு வாரத்தைத் தேடுவதிலேயே கழிக்கும். ஆனால் அந்தப் பட்டியல் நிறுவப்பட்ட மென்பொருளின் பட்டியல். மேசைக் கணினியில் பெயரோடு தெரிவதும், சர்வரில் தனியாக நிறுவப்பட்டதும் அதில் வரும். ஒரு ஜாவா பயன்பாட்டின் வயிற்றுக்குள் நான்காம் அடுக்கில் இருக்கும் லைப்ரரி வராது.

எதைத் தணிக்கை செய்வது என்பதில் பொதுமக்களின் கருத்தையும் கேட்பது என்று முடிவானது. 2016 கோடையில் இணையத்தில் நடந்த கருத்துக்கணிப்பில் 3,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் முதலிடம், அப்பாச்சி வெப் சர்வர் இரண்டாமிடம். இரண்டும் தேர்வாயின.

வாக்கெடுப்புக்குச் சொன்ன காரணம் நியாயமானது. வரிப்பணம் செலவாகிறது, மக்கள் தாங்கள் நம்பியிருப்பதைச் சொல்லட்டும் என்பது. ஆனால் வாக்கு என்பது அறிமுகத்தின் அளவுகோல். கீபாஸைத் தினமும் திறக்கிறவர் அதற்கு வாக்களிப்பார். எழுத்துருவைக் கையாளும் லைப்ரரிக்கோ, சுருக்கிய கோப்பை விரிக்கும் லைப்ரரிக்கோ, நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் (லாக் எழுதும்) லைப்ரரிக்கோ வாக்களிக்க அது இருப்பதே அவருக்குத் தெரியாது. ஹார்ட்ப்ளீடின் பாடமே கண்ணுக்குத் தெரியாத லைப்ரரியைப் பற்றியது. அந்தப் பாடத்திலிருந்து பிறந்த திட்டம், கண்ணுக்குத் தெரிந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துக்கொண்டது.

தணிக்கையில் தெரிந்தது

முடிவுகள் 2016 இறுதியில் வெளியாயின. இரண்டிலும் மிக ஆபத்தான ஓட்டை எதுவும் இல்லை; நடுத்தர, சிறு குறைகளே. நன்கு பராமரிக்கப்படும் நிரல் என்பதற்கு அது நல்ல சான்று.

கீபாஸில் தணிக்கைக்குப் போனது 1.31 பதிப்பு. கீபாஸுக்கு இரண்டு கிளைகள் உண்டு. 1.எக்ஸ் என்பது சி++ மொழியில் எழுதிய பழைய கிளை, 2.எக்ஸ் என்பது டாட்நெட்டில் எழுதிய, வசதிகள் கூடிய, பெரும்பாலோர் இறக்கிக்கொள்ளும் கிளை. இரண்டுக்கும் நிரல் வேறு. எனவே ஒன்றைச் சோதித்த முடிவை மற்றொன்றுக்கு எடுத்துச் சொல்ல முடியாது. செய்தியில் படித்தவர்கள் மனதில் பதிந்ததோ “ஐரோப்பிய ஒன்றியம் கீபாஸைச் சோதித்துவிட்டது” என்ற ஒரே வரி. தணிக்கை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பதிப்பு எண், கிளை, சோதிக்காமல் விட்ட பகுதிகள் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

திறந்த மூல ஆதரவு அமைப்புகள் அப்போதே இன்னொரு குறையையும் எடுத்துச் சொன்னார்கள். பணத்தின் கணிசமான பகுதி ஒப்பீட்டு ஆய்வுகளுக்கும் அறிக்கைகளுக்கும் போய்விட்டது, நிரலைத் தொடும் வேலைக்கு வந்தது குறைவு என்பது அவர்கள் வாதம். அது சரியான குறை. ஓர் அறிக்கை வெளியான மறுநாளிலிருந்து நிரல் மாறத் தொடங்கிவிடும்.

இரண்டாம் கட்ட முடிவு: பக் பவுண்டி, 2017–18

2017இல் திட்டம் ஆயத்த நடவடிக்கையாக உயர்ந்தது. ஈயூ-ஃபோசா 2 என்ற பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் சுமார் 26 லட்சம் யூரோ. இந்த முறை மையம் பக் பவுண்டி, அதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு.

முடிவுக்கான காரணங்கள் தெளிவாக இருந்தன. தணிக்கையில் சில நிபுணர்கள் சில வாரங்கள் பார்ப்பார்கள். ஓட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான். பவுண்டியில் நூற்றுக்கணக்கானோர் பல மாதம் பார்ப்பார்கள். சரியான கண்டுபிடிப்புக்கு மட்டுமே பணம். பட்ஜெட் அதிகாரிக்குப் பின்னது எளிதில் புரியும்.

2017 இறுதியில் வி.எல்.சி. மீடியா பிளேயரில் ஒரு ஒத்திகை நடந்தது. ஆணையம் நடத்திய முதல் பக் பவுண்டி அது. முதலில் அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அப்படிப் படிப்படியாகத் திறப்பது நல்ல முறை. முதல் வாரத்தில் வந்து குவியும் எளிய பிழைகளைச் சிறு கூட்டத்தோடு முடித்துக்கொண்டால், பெருங்கூட்டம் வரும்போது ஒரே பிழையைப் பத்துப் பேர் எழுதி அனுப்புவது குறையும்.

2018 டிசம்பர் இறுதியில் 15 மென்பொருட்களுக்கான பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டது. புட்டிக்கு 90,000 யூரோ, ட்ரூபலுக்கு 89,000, நோட்பேட்++, கீபாஸ் இரண்டுக்கும் தலா 71,000. வி.எல்.சி., ஃபைல்ஸில்லா, 7-ஸிப், அப்பாச்சி காஃப்கா, மிட்பாயின்ட், டபிள்யூஎஸ்ஓ2 ஆகியவற்றுக்குத் தலா 58,000. லினக்ஸில் ஓடும் சி மொழி நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருக்கும் ஜிலிப்சிக்கு 45,000. சிம்ஃபனி, டாம்கேட் இரண்டுக்கும் தலா 39,000. மீன்பிடித் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃப்ளக்ஸ் டிஎல்லுக்கு 34,000, மின்கையொப்பத்துக்கான டிஎஸ்எஸ்ஸுக்கு 25,000. இவை இரண்டும் ஆணையத்தின் சொந்த நிரல்கள். கூட்டினால் 8,51,000 யூரோ. பட்டியலில் உள்ள டபிள்யூஎஸ்ஓ2வின் பெரும்பகுதி நிரல் கொழும்பில் எழுதப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கலாம். ஐரோப்பிய அலுவலகத்தின் பாதுகாப்பு ஐரோப்பாவுக்குள் மட்டும் எழுதப்படுவதில்லை.

பிழையோடு சேர்த்து ஏற்கத்தக்க திருத்தமும் அனுப்பினால் 20 சதவீதம் கூடுதல் பரிசு என்று ஒரு விதி இருந்தது. திருத்தம் முக்கியம் என்று திட்டக்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அந்த 20 சதவீதமும் கண்டுபிடித்தவருக்கே போனது. அவர் அனுப்பும் திருத்தத்தை வரிவரியாகப் படித்து, பழைய பதிப்புகளில் சோதித்து, வெளியிடும் பராமரிப்பாளருக்கு ஒதுக்கீடு இல்லை.

2019 மார்ச்: புட்டி 0.71

திட்டத்தின் பயன் எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டால் புட்டியைக் காட்டலாம். விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைய உலகெங்கும் சிஸ்டம் அட்மின்கள் பயன்படுத்தும் சிறு மென்பொருள் அது. பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். 2017 ஜூலையில் 0.70 வந்த பிறகு, 2019 மார்ச் 16 அன்று 0.71 வந்தது. பவுண்டியில் கிடைத்த பல ஓட்டைகள் அதில் அடைக்கப்பட்டன. இரண்டை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் சாவிப் பரிமாற்றம் செய்யும் இடத்தில் இருந்தது. சர்வர் ஒரு தற்காலிக ஆர்எஸ்ஏ சாவியை அனுப்பும். அந்தச் சாவி குறைந்தபட்சம் இத்தனை பிட் இருக்க வேண்டும் என்று இணைப்புக்கான நெறிமுறை சொல்கிறது. புட்டி அதைச் சரிபார்க்கவில்லை. மிகச் சிறிய சாவி வந்தால் நீளக் கணக்கில் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போய், குறியில்லா எண்ணாகையால் மிகப் பெரிய எண்ணாகத் திரும்பி, நினைவகத்தில் எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிடும். இது சர்வரின் அடையாளச் சாவியைச் சரிபார்ப்பதற்கு முன்பே நடக்கிறது என்பதுதான் ஆபத்தின் உச்சம். நீங்கள் நம்பும் சர்வருக்கே இணைந்தாலும், நடுவில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தூண்ட முடியும்.

இரண்டாவது, ரேண்டம் எண் உருவாக்கியில். சேகரித்த சிதறலை, அதாவது யூகிக்க முடியாத தரவை, ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வைத்து, எதுவரை எடுத்தாயிற்று என்று ஓர் எண்ணியில் குறித்துவைக்கிறது நிரல். அந்த எண்ணி பஃபரின் கடைசியில் நிற்கும் நேரத்தில் புதுச் சிதறல் வந்து சேர்ந்தால், ஒரே ஒரு பைட் எல்லை தாண்டி எழுதப்பட்டது. தாண்டி விழுந்த இடம் அந்த எண்ணியே. எண்ணி பின்னுக்கு நகர்ந்தது. ஏற்கெனவே கொடுத்த ரேண்டம் பைட்டுகள் மறுபடியும் வழங்கப்பட்டன. நிரல் முறியாது, பிழைச்செய்தி வராது, சோதனைகள் எல்லாம் தேறும். குறியாக்கத்தில் ஒரே ரேண்டம் எண் இருமுறை வருவது எவ்வளவு கேடு என்று அத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். சம்பளத்துக்குத் தணிக்கை செய்பவர் நாலு வாரத்தில் இதைக் கண்டுபிடித்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பலர் பலநாள் தோண்டியதால் வந்த பலன் இது. பவுண்டி முறைக்கு ஆதரவாகச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடைத்த திருத்தம் பயனரிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. புட்டி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. யாராவது இறக்கி, பழைய எக்ஸ்இ கோப்பை மாற்றி வைக்க வேண்டும். அதோடு, புட்டியின் நிரலை எடுத்துத் தங்களுக்குள் வைத்திருக்கும் மென்பொருட்கள் உண்டு. வின்எஸ்சிபி அப்படி ஒன்று. பவுண்டிப் பட்டியலிலேயே இருந்த ஃபைல்ஸில்லாவில் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி பகுதி இன்னொன்று. புட்டியில் அடைத்தால் போதாது, இவை ஒவ்வொன்றும் அந்தத் திருத்தத்தை இழுத்துக்கொண்டு தனியாக ரிலீஸ் செய்ய வேண்டும். திட்டத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தொகை இருந்தது. வழித்தோன்றல் மென்பொருட்களுக்குச் செய்தி சேர்ந்ததா, ஆணையத்தின் எத்தனை கணினிகள் புதுப்பதிப்புக்கு வந்தன என்று பார்க்கும் கட்டம் திட்டத்தின் பகுதியாக வைக்கப்படவில்லை.

2019 ஜூன்: வி.எல்.சி. 3.0.7

வி.எல்.சி.யின் 3.0.7 பதிப்பில் 30க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள் அடைக்கப்பட்டன. அதற்கு முன் எந்த ஒரு பதிப்பிலும் இவ்வளவு அடைக்கப்பட்டதில்லை. காரணம் ஐரோப்பியப் பவுண்டி என்று குழுவே எழுதியது. நல்ல ஆய்வாளர்களும் வந்தார்கள், பணமே குறியாக வந்து பராமரிப்பாளர்களிடம் கடுமையாக நடந்துகொண்டவர்களும் வந்தார்கள் என்பதையும் குழுவின் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார்.

பராமரிப்பாளரின் பக்கத்திலிருந்து ஓர் அறிக்கையின் பயணத்தைப் பாருங்கள். அறிக்கைகளை வாங்கும் பவுண்டி இணையதளத்தின் ஊழியர்கள் அவற்றை முதலில் ஒருமுறை வடிகட்டி அனுப்புவார்கள். அதற்கு மேல் எல்லாம் குழுவின் தலையில். அனுப்பிய கோப்பை வைத்துப் பிழையை மறுபடி நிகழ்த்த வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று தோண்ட வேண்டும். வெறும் முறிவா, தாக்குதலுக்குப் பயன்படுமா என்று தீர்மானிக்க வேண்டும். பரிசு ஆபத்தின் அளவைப் பொறுத்தது என்பதால், இங்கேதான் வாக்குவாதம் வரும். பிழை தங்கள் நிரலில் இல்லாமல், தாங்கள் சேர்த்திருக்கும் வேறொரு லைப்ரரியில் இருந்தால், அங்கே பராமரிப்பவர் யார், இன்னும் இருக்கிறாரா என்று தேட வேண்டும். வி.எல்.சி. போன்ற மீடியா பிளேயர் ஒவ்வொரு வீடியோ, ஆடியோ வடிவத்தையும் பிரித்துப் படிக்கும் பல டஜன் டீகோடர்களைச் சேர்த்து நிற்பது. அவற்றில் சிலவற்றைக் கவனிக்க ஆளே இல்லை. பிறகு திருத்தம், சோதனை, விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனி ரிலீஸ், அறிவிப்பு. இத்தனைக்கும் ஊதியம் பூஜ்யம். ஜனவரியில் பல திட்டங்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டதால், தொடக்க வாரங்களின் வெள்ளம் அந்தச் சிறு குழுக்கள் ஒவ்வொன்றின் மேலும் விழுந்தது.

ஊருக்குள் மருத்துவ முகாம் போட்டு நோயைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கடையைத் திறக்காமல் விட்டது போன்ற நிலை இது. சீட்டு தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

திட்டம் முடிந்த பின்

ஆயத்த நடவடிக்கையின் காலம் முடிந்து 2020இல் ஈயூ-ஃபோசா 2 மூடப்பட்டது. ஆனால் ஆணையத்துக்குள் அது ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. 2020 அக்டோபரில் வந்த திறந்த மூல உத்தியின் கீழ், தகவலியல் இயக்குநரகத்தில் திறந்த மூலத்துக்கென ஒரு நிரந்தர அலுவலகம் அமைந்தது. 2022 ஜனவரியில் அந்த அலுவலகம் லிப்ரேஆபிஸ், மாஸ்டடான், ஓடூ, கிரிப்ட்பேட், சட்ட வரைவு எழுதும் லியோஸ் ஆகியவற்றுக்கு 2,00,000 யூரோவில் மீண்டும் பவுண்டி அறிவித்தது. 20 சதவீத விதி அங்கும் தொடர்ந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2021 டிசம்பரில் லாக்4ஷெல் வெடித்திருந்தது. பதிவெண் சிவிஇ-2021-44228. ஜாவா பயன்பாடுகளில் லாக் எழுதும் லாக்4ஜே லைப்ரரி, தான் பதியும் வாசகத்துக்குள் இருக்கும் குறிப்பை ஆணையாக எடுத்துக்கொண்டு, வெளி சர்வரிலிருந்து நிரலை இழுத்து ஓட்டும் நிலையில் இருந்தது. அந்த வசதி 2013இலேயே சேர்க்கப்பட்டது. ஈயூ-ஃபோசா நடந்த ஆண்டுகள் முழுவதும் அது அங்கேயே இருந்தது. தணிக்கையிலோ பவுண்டியிலோ லாக்4ஜேயின் பெயர் இல்லை. வாக்கெடுப்பில் வரக்கூடிய பெயரும் அல்ல அது. பராமரித்தவர்கள் வழக்கம்போல வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைக் கவனித்த சிலர்.

இந்த இடைவெளியை நிரப்ப ஐரோப்பாவிலேயே வேறு இரண்டு முறைகள் வளர்ந்தன. ஹொரைசன் 2020 ஆராய்ச்சி நிதியிலிருந்து 2018இல் தொடங்கிய என்ஜிஐ ஜீரோ திட்டங்களில், ஆணையம் ஒரு கூட்டமைப்புக்குப் பணம் தந்தது. அதில் உள்ள நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை அதைச் சிறு மானியங்களாகப் பிரித்து நிரலாளர்களுக்கே தந்தது. முதல் மானியம் 5,000 முதல் 50,000 யூரோ வரை. விண்ணப்பம் சில பக்கம். வேலையைச் சிறு கட்டங்களாக உடைத்து எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம் வந்தது. நேரக்கணக்குத் தாள் கேட்கவில்லை. பாதுகாப்புத் தணிக்கையும் உரிம ஆலோசனையும் கூடவே கிடைத்தன. இதனால் தனிநபர்கூட ஐரோப்பிய ஆராய்ச்சிப் பணத்தைத் தொட முடிந்தது. மற்றொன்று ஜெர்மனியில் 2022 அக்டோபரில் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட். அது அடித்தள லைப்ரரிகளின் பராமரிப்பாளர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது. இணையத்தில் தரவைப் பரிமாறும் கர்லும் பின்னர் லாக்4ஜேயும் அதன் பட்டியலில் வந்தன.

மறுபடி நடத்தினால் மாற்ற வேண்டியவை

தேர்வு முறை முதலில் மாற வேண்டும். பொதுக் கருத்துக்கணிப்பை ஒரு துணைத் தகவலாக வைத்துக்கொள்ளலாம். அடிப்படைப் பட்டியல் சார்பு மரத்திலிருந்து, அதாவது எந்த மென்பொருள் எந்த லைப்ரரியை நம்பி நிற்கிறது என்ற வரைபடத்திலிருந்து, வர வேண்டும். அலுவலகத்தின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் பில்டு (நிரலை ஓடும் மென்பொருளாகத் தொகுப்பது) நடக்கும்போதே மென்பொருள் உட்கூறுப் பட்டியலை உருவாக்கி, எத்தனை பயன்பாடுகளுக்குள் ஒரு லைப்ரரி மறைந்திருக்கிறது, அதைக் கவனிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை அருகருகே வையுங்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது ஒன்று அல்லது இரண்டாகவும் இருக்கும் வரிசைதான் பணம் போக வேண்டிய இடம்.

அடுத்தது, பவுண்டிக்கு முந்தைய தயாரிப்பு. சி, சி++ நிரலென்றால் முதலில் ஃபஸ்ஸிங் நடத்த வேண்டும். நினைவகப் பிழையைப் பிடிக்கும் சானிட்டைசரோடு தொகுத்து, இயந்திரத்தைக் கோடிக்கணக்கான சிதைந்த கோப்புகளை ஊட்டவிட்டு, புது முறிவு வருவது நிற்கும்வரை ஓட்டுங்கள். 2016 முதல் கூகிளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திறந்த மூலத் திட்டங்களுக்கு இதை இலவசமாகவே செய்கிறது. இயந்திரம் ஓரிரவில் பிடிக்கும் பிழைக்கு மனிதருக்குப் பரிசு கொடுப்பது வீண். கூடவே பராமரிப்பாளர்களோடு உட்கார்ந்து எது ஓட்டை, எது ஓட்டையில்லை என்று எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே அட்மின் உரிமை உள்ளவர் செய்யக்கூடியது, உதாரண நிரல்களில் உள்ளது, சார்பு லைப்ரரியில் உள்ளது என ஒவ்வொன்றுக்கும் விடை இருந்தால் வாக்குவாதம் பாதியாகும்.

பணப்பங்கீட்டில், பரிசுக்கு ஒரு யூரோ ஒதுக்கினால் அறிக்கைகளை வடிகட்டுவதற்கும் திருத்துவதற்கும் குறைந்தது ஒரு யூரோ என்பது எங்கள் கணிப்பு. அந்தப் பங்கை டெண்டர் வழியாகத் தர முடியாது. எனவே தொடக்கத்திலேயே என்எல்நெட் போன்ற இடைநிலை அமைப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பவுண்டி திறக்கும் முன்பே பராமரிப்பாளர்களோடு மானிய ஒப்பந்தம் முடித்திருக்க வேண்டும். பணம் வேண்டாம் என்று சொல்லும் குழுக்களும் உண்டு. அவர்களிடம் பவுண்டி வேண்டுமா என்றும் கேட்க வேண்டும்.

ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் திறக்காமல், இரண்டு மூன்றாகத் திறந்து, முதல் வெள்ளம் வடிந்தபின் அடுத்ததைத் திறப்பது நல்லது. பரிசுத்தொகை தீர்ந்த பிறகு வரும் அறிக்கையை யார் வாங்குவது என்றும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் முடிந்த மறுநாள் கண்டுபிடித்தவர் அதை வேறெங்காவது விற்கப் பார்க்கலாம்.

முடிவை அளப்பதும் மாற வேண்டும். ஆணையம் எண்ணியது கண்டுபிடித்த ஓட்டைகளை. எண்ண வேண்டியது, அறிக்கை வந்த நாளுக்கும் திருத்தம் ரிலீஸ் ஆன நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள், ரிலீஸ் ஆன நாளுக்கும் தன் கணினிகளில் பத்தில் ஒன்பது புதுப்பதிப்புக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள், அதே நிரலைச் சுமக்கும் வழித்தோன்றல்களில் எத்தனை திருத்தத்தை எடுத்துக்கொண்டன என்பது. மூன்றாவது எண்ணைச் சேகரிக்கத் தனி ஆள் வேண்டும்.

இதில் ஒரு பகுதி இப்போது சட்டமாகவே வருகிறது. 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய சைபர் மீள்திறன் சட்டத்தின்படி, தன் பொருளுக்குள் சேர்த்திருக்கும் திறந்த மூல உட்கூறில் ஓட்டை கண்ட உற்பத்தியாளர் அதைப் பராமரிப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். தானே திருத்தம் எழுதியிருந்தால் அதையும் பகிர வேண்டும். தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் ஓட்டையை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமைக்கான தொடக்க நாள் 2026 செப்டம்பர் 11. மற்ற பெரும்பாலான கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11. ஐரோப்பாவில் பொருள் விற்கும் எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும், அது சென்னையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், இது பொருந்தும். பராமரிப்பாளரின் மேசையில் வந்து விழும் அறிக்கைகள் இதனால் கூடும். அவற்றைப் படித்துத் திருத்தும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்று அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை.